தமிழில் துப்பறிந்தவர்கள் – 7: கேசினியின் கண்ணும் சாம்புவின் நேரமும்

திருநள்ளாற்றில் நள தீர்த்தத்தில் முழுகி எழுந்து, ஈரத்தோடு தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலுக்கு நடக்கிறவர்களிடம் நளன் கதையைக் கேட்டால் முன்பாதியைச் சொல்வார்கள். கால் கழுவும்போது நனையாமல் விட்ட சிறு இடத்தின் வழியே பீடை புகுந்தது, சூதாட்டத்தில் நாடு போனது, நடுக்காட்டில் உறங்கும் மனைவியைப் பாதிச் சேலையோடு விட்டுவிட்டு ஓடியது, கடைசியில் இந்த ஊருக்கு வந்து வணங்கிச் சனியின் பிடியிலிருந்து விடுபட்டது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சியின்போது லட்சக்கணக்கில் ஜனங்களைக் கூட்டுவது இந்த முன்பாதிதான். பின்பாதியில் ஒரு பெண் தன் கணவனைத் துப்புத் துலக்கிக் கண்டுபிடிக்கிறாள். அதை இந்தத் தொடரில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இந்த அத்தியாயத்தின் நாயகரான சாம்புவைப் புரிந்துகொள்ளவும் அது வேண்டும்.

நளன் மனைவி தமயந்தி பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். நளன் எங்கே என்று தெரியாது. ஊர் ஊராக அந்தணர்களை அனுப்புகிறாள். கையில் ஓலை கிடையாது, அடையாளம் கிடையாது. ஒரு கேள்வி மட்டும் உண்டு: காட்டில் உறங்கியவளை விட்டுப் போனது ஆண்மகனுக்குத் தகுமா? எல்லாச் சபையிலும் அதைச் சொல்லுங்கள், யார் கலங்கிப் பதில் சொல்கிறானோ அவனைப் பற்றி எனக்கு வந்து சொல்லுங்கள் என்கிறாள். அயோத்தியில் ருதுபன்னன் என்ற அரசனிடம் வேலை பார்க்கும் வாகுகன் என்ற விகாரத் தோற்றமுள்ள தேரோட்டி கண்ணீரோடு பதில் சொல்கிறான். தோற்றம் நளனுடையதில்லை. கார்க்கோடகன் என்ற பாம்பு கடித்து உருவம் மாறியிருப்பது தமயந்திக்குத் தெரியாது. ஆனாலும் அவள் ஆளை விட்டுவிட்டுப் பதிலைப் பிடித்துக்கொள்கிறாள்.

அடுத்து வைக்கிறாள் ஒரு பொறி. தனக்கு இரண்டாம் சுயம்வரம் நடக்கப்போவதாக அயோத்தி அரசனுக்கு மட்டும் செய்தி போகிறது. நாள்? மறுநாள் விடியல். அவ்வளவு தூரத்தை ஒரே நாளில் கடக்கக்கூடிய தேரோட்டி உலகத்தில் ஒருவன்தான் என்பது அவளுக்குத் தெரியும். ருதுபன்னன் வந்து சேர்ந்தால், குதிரைகளை ஓட்டியவன் யார் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். வந்து சேர்கிறான். தேர்ச் சத்தம் கேட்கும்போதே அவள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் நெஞ்சை மட்டும் நம்பி அவள் ஓடிப் போகவில்லை. தோழி கேசினியை அனுப்புகிறாள்: போய்ப் பேசு, பார்த்துக்கொண்டிரு, என்ன செய்கிறான் என்று வந்து சொல்.

கேசினி பார்க்கிறாள். தாழ்ந்த வாசலில் அவன் குனிவதில்லை, வாசல் உயர்ந்து வழிவிடுகிறது. வெறும் பாத்திரத்தை அவன் நோக்க, நீர் நிறைகிறது. புல்லைக் கையில் எடுத்து வெயிலில் காட்ட, தீப்பற்றுகிறது. கையில் கசக்கிய பூ வாடுவதற்குப் பதில் மலர்கிறது. இத்தனையையும் கேட்ட பிறகும் தமயந்திக்குப் போதவில்லை. அவன் சமைத்ததில் கொஞ்சம் கொண்டுவா என்கிறாள். நாவில் வைத்துப் பார்க்கிறாள். பிறகு பிள்ளைகள் இருவரையும் அனுப்புகிறாள். அவன் அவர்களை அள்ளி அணைத்து அழுகிறான். அதன் பிறகுதான் அவனைத் தன்முன் அழைக்கிறாள். புகழேந்தியின் நளவெண்பாவில் இந்த இடமெல்லாம் மூன்றாவதான கலிநீங்கு காண்டத்தில் வருகிறது. சந்தேகம், பொறி, கண்காணிப்பு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சோதனை, கடைசியில் நேருக்கு நேர் விசாரணை: ஷெர்லாக் ஹோம்ஸின் லண்டன் பேக்கர் தெரு முறையில் இதைவிட அதிகமாக என்ன இருக்கிறது? தமயந்தி அறையை விட்டு வெளியே வராமல் யோசிக்கிறவள், கேசினி அவளுக்காகப் போய்ப் பார்த்து வந்து சொல்கிறவள்.

ஆக, நளன் கதையில் இரண்டு சக்திகள் வேலை செய்கின்றன. ஒன்று புத்தி. இன்னொன்று நேரம். தமயந்தியின் புத்தி அவனைக் கண்டுபிடிக்கிறது. நேரம் மாறினால்தான் அவன் கண்டுபிடிக்கப்படத் தயாராகிறான். வரும் வழியில் தான்றி மரத்தின் இலையையும் காயையும் நொடியில் எண்ணிச் சொல்லும் வித்தையை ருதுபன்னன் நளனுக்குக் கற்றுக்கொடுக்க, அப்போதுதான் அவனைப் பிடித்திருந்த கலி உடம்பை விட்டு இறங்குகிறது என்கிறது கதை. தலபுராணமோ அந்த விடுதலையைத் திருநள்ளாற்றில் வைக்கிறது. எங்கே வைத்தாலும், இரண்டு சக்தியையும் ஒருசேர நம்புகிற மனம் நம்முடையது.

இங்கிலாந்தில் 1887-இல் பிறந்த ஷெர்லாக் ஹோம்ஸ் முழுக்கப் புத்தியின் கட்சி. நேரத்துக்கு அவர் கணக்கில் இடமே இல்லை. 1891 ஜூலையில் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் ஹோம்ஸ் சிறுகதைகள் வரத் தொடங்கின. நவம்பரிலேயே கேலி வந்துவிட்டது. பெயர் போடாமல் அதை எழுதியவர் ஜே. எம். பேரி, பின்னாளில் பீட்டர் பானைப் படைத்தவர். பேரிக்கும் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலுக்கும் நல்ல நட்பு. இருவரும் சேர்ந்து எழுதிய இசைநாடகம் ஒன்று 1893-இல் மேடையில் படுத்துவிட்டது. அந்தத் தோல்வியையே கருவாக வைத்து, இரண்டு எழுத்தாளர்கள் ஹோம்ஸைத் தேடி வந்து தங்கள் நாடகத்துக்கு ஏன் கூட்டம் வரவில்லை என்று துப்பறியச் சொல்வதாகப் பேரி ஒரு குட்டிக் கதை எழுதி, தன் புத்தகம் ஒன்றின் முன்பக்கத் தாளில் வைத்து நண்பருக்குக் கொடுத்தார். டாயில் அதை முப்பது ஆண்டு பத்திரமாக வைத்திருந்து 1924-இல் தன் வாழ்க்கை நினைவு நூலில் அப்படியே அச்சிட்டார். ஹோம்ஸைப் பற்றி வந்த கேலிகளில் அதுவே சிறந்தது என்பது அவர் தீர்ப்பு.

அமெரிக்கரான பிரெட் ஹார்ட் 1900-இல் எழுதிய கதையில் ஹெம்லாக் ஜோன்ஸ் தன் சுருட்டுப் பெட்டி களவு போனதாக முடிவுகட்டி, ஆதாரத்தின் மேல் ஆதாரம் அடுக்கி, உயிருக்கு உயிரான நண்பனையே திருடனாக்குகிறார். மார்க் ட்வெய்ன், ஓ. ஹென்றி, கனடாவின் ஸ்டீபன் லீகாக் என்று பெரிய கைகள் எல்லாம் ஹோம்ஸைச் சீண்டிப் பார்த்தன. டாயிலே சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்து அரசி மேரியின் பொம்மை வீட்டு நூலகத்துக்காக விரல் நுனி அளவுப் புத்தகங்கள் தயாரானபோது, அவர் கொடுத்த கதையில் ஹோம்ஸின் தோழர் வாட்சன் அவர் வித்தையைத் தானும் கற்றுவிட்டதாக நினைத்து அவரையே ஊகிக்கிறார். முகம் மழிக்கவில்லை, எனவே கவலையில் இருக்கிறார் என்கிறார் வாட்சன். சவரக் கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன் என்கிறார் ஹோம்ஸ். ஊகங்கள் ஒவ்வொன்றாக இப்படியே கவிழ்கின்றன. படைத்தவரே தன் சூத்திரத்தின் ஓட்டையைக் காட்டிய இடம் அது: ஒரு தடயத்துக்கு ஒரு பொருள்தான் என்று யார் சொன்னது?

பிரான்ஸிலிருந்து வந்த கேலிக்கு வேறு குணம். அதைத் திருநள்ளாற்றில் நின்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த ஊர் பிரெஞ்சு மண். காரைக்கால் பகுதியின் கொம்யூன்களில் திருநள்ளாறும் ஒன்று. பிரிட்டிஷ் இந்தியாவின் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898-இல் போட்ட ரயில் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போனது. ரயில் ஒரு சாம்ராஜ்யத்தில் புறப்பட்டு இன்னொரு சாம்ராஜ்யத்தில் நின்றது. இங்கே மூவர்ணக் கொடி பறந்த 1906-ஆம் ஆண்டில், பாரிஸில் மொரிஸ் லெப்லான் தன் கனவான் திருடன் ஆர்சென் லூப்பேனுக்கு எதிராக ஷெர்லாக் ஹோம்ஸையே கதைக்குள் இறக்கினார். டாயில் தரப்பு ஆட்சேபித்தது. லெப்லான் எழுத்தை இடம் மாற்றி ஹெர்லாக் ஷோல்மெஸ் ஆக்கிவிட்டுத் தொடர்ந்தார். வாட்சன் வில்சன் ஆனார். 1908-இல் அந்த மோதல் முழுப் புத்தகமாகவே வந்தது. ஆங்கிலேயர் தங்கள் துப்பறிவாளரைச் செல்லமாகக் கேலி செய்தார்கள். பிரெஞ்சுக்காரர் அவருக்கு எதிரே சிரித்த முகத்தோடு ஒரு திருடனை நிறுத்தி, வாசகரின் கைதட்டலைத் திருடனுக்கு வாங்கிக் கொடுத்தார். போலீஸ் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று கதைக்குக் கட்டாயமில்லை என்பதை லூப்பேன் காட்டிவிட்டார்.

தமிழருக்கு அது புதிய பாடமும் அல்ல. பாரதி 1908-இலும் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் 1910-இலும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு ஒதுங்கியபோது, அவர்கள் வாசலில் வேவுக்காரர்களை நிறுத்தியது பிரிட்டிஷ் இந்தியாவின் சி.ஐ.டி. துறைதான். நிஜத்தில் நம் ஜனங்கள் அறிந்த துப்பறிவாளர் கவிஞன் வீட்டுக் குப்பையைக் கிளறுகிறவர். அப்படிப்பட்ட நாட்டில் துப்பறியும் நாயகன் வீட்டுக்கு வீடு செல்லப்பிள்ளையாக வேண்டுமென்றால் அவன் வேறு மாதிரி ஆளாக இருந்தாக வேண்டும்.

சென்ற அத்தியாயங்களில் பார்த்த மூவரை இங்கே நினைவுபடுத்துகிறேன். ஹோம்ஸுக்குத் தலைப்பாகை கட்டி ஆனந்தசிங் ஆக்கிய ஆரணி குப்புசாமி முதலியார், துப்பறியும் கோவிந்தனைக் கொடுத்த ஜே. ஆர். ரங்கராஜு, திகம்பர சாமியாரைக் கொடுத்த வடுவூர் துரைசாமி ஐயங்கார். பண்டிதர்கள் முகம் சுளித்தாலும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஜனங்களை முழு நாவல் படிக்கிறவர்களாக மாற்றியதில் இவர்கள் பங்கு பெரியது. இவர்களுடைய நாவல்களான ராஜாம்பாளும் மேனகாவும் 1935-இல் சினிமாவாகவும் வந்தன. 1940 பிறக்கும்போது மாறுவேடம், மர்மக் கடிதம், காலடித் தடம், கடைசி அத்தியாயத்து நீண்ட விளக்கம் எல்லாம் தமிழ் வாசகருக்கு மனப்பாடம். மூலம் மனப்பாடமான இடத்தில்தான் கேலி பலிக்கும். தமிழில் அதற்கான காலம் கனிந்திருந்தது. எழுத ஒருவர் வேண்டும்.

அவர் வந்தது திருவிடைமருதூரிலிருந்து. திருநள்ளாற்றுக்கு ஒரு காலைப் பொழுதில் போய்ச்சேரும் தூரம். ஆர். மகாதேவன் என்ற தேவன், 1913 செப்டம்பர் 8-இல் பிறந்தவர், கும்பகோணம் கல்லூரியில் படித்தவர், இருபத்தொரு வயதில் ஆனந்த விகடனில் சேர்ந்தவர். அப்போது அங்கே ஆசிரியர் பொறுப்பில் இருந்த கல்கியும் மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர். கல்கி விலகித் தன் பெயரில் பத்திரிகை தொடங்கிய பிறகு விகடனின் பாரம் பெருமளவு தேவன் தோளில் விழுந்தது. 1942, தேவனுக்கு இருபத்தொன்பது வயது. ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து ஏப்ரலில் சென்னை பாதி காலியானது. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் தஞ்சாவூர் ஜில்லா கிராமங்களுக்கு ரயிலேறினார்கள். ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு. அந்த ஆண்டில்தான் விகடனில் துப்பறியும் சாம்பு வந்தார், ஓவியர் ராஜுவின் கோடுகளோடு.

யார் இந்தச் சாம்பு? நாற்பது வயதைத் தொட்ட பாங்கிக் குமாஸ்தா. கழுகு மூக்கு. வழுக்கைத் தலை. அசடு என்று ஊரே முத்திரை குத்திய மனிதர். வேலை போகிறது, துப்பறிவாளர் ஆகிவிடுகிறார். பிடிக்க வேண்டியவனைப் பிடிக்க அவர் எதையும் திட்டமிடுவதில்லை. தடுக்கி விழுவார், ஆளை மாற்றி நினைப்பார், பயந்து ஒதுங்குவார், வேறெதையோ தேடிக்கொண்டு ஓர் அறைக்குள் நுழைவார். அந்த அபத்தம் எங்கெங்கோ மோதி, குற்றவாளி தானாக வந்து வலையில் விழுவான். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் கோபாலன் வாய்பிளந்து நிற்பார். சாம்பு ஏன் விழுந்தார், ஏன் ஒதுங்கினார் என்பதற்கெல்லாம் கோபாலனிடம் நுட்பமான காரணம் தயாராக இருக்கும். சாம்புவுக்கு அது புரியாது. மௌனமாக இருப்பார். அந்த மௌனமும் மேதையின் மௌனமாகிவிடும்.

தேவன் செய்த பெரிய காரியமாக நான் நினைப்பது இதைத்தான். மேல்நாட்டுக் கேலிகள் பெரும்பாலும் துப்பறிவாளரின் அதிபுத்தியைப் பிடித்து இழுத்தன: ஹெம்லாக் ஜோன்ஸ் யோசித்து யோசித்துத் தவறுகிறார். தேவன் துப்பறிவாளரிடமிருந்து யோசனையையே எடுத்துவிட்டார். எடுத்த யோசனையை வீணாக்கவும் இல்லை. சுற்றியிருப்பவர்களிடம் பங்கு போட்டுக் கொடுத்தார். ஹோம்ஸ் கதையில் கடைசிப் பக்கத்தில் ஹோம்ஸ் விளக்கம் சொல்ல, வாட்சன் வியப்பார். சாம்பு கதையில் வியக்கிறவரே விளக்கமும் சொல்லிக்கொள்கிறார். தடயத்துக்குப் பொருள் கொடுப்பது யார் என்று பொம்மை வீட்டுக் கதையில் டாயில் எழுப்பிய கேள்விக்கு, அந்தக் கதையைத் தேவன் படித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், ஐம்பது சிறுகதைகளில் சாம்பு பதில் சொல்லிக்கொண்டே போகிறார். யோசனை இருந்து காலியான அந்த நாற்காலியில் தேவன் உட்கார வைத்தது நம் நேரத்தை. சாம்புவுக்கு நேரம் நன்றாயிருக்கிறது; அதற்குமேல் அவரிடம் எந்தத் துப்புக் கருவியும் இல்லை.

காவிரிக்கரை வாசகருக்கு இது எவ்வளவு இயல்பாக இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஏழரை நாட்டுச் சனியில் கெட்டிக்காரன் தொட்டதெல்லாம் மண்ணாவதையும், அது விலகியதும் ஒன்றும் தெரியாதவன் தொட்டது துலங்குவதையும் வீட்டுத் திண்ணைகளில் கேட்டு வளர்ந்தவர்கள். நளனைப் போன்ற அறிவாளிக்கே அந்தக் கதி. இந்த நம்பிக்கையைத் தேவன் கேலி செய்யவில்லை; அதன் மடியில் உட்கார்ந்துகொண்டு லண்டன் தர்க்கத்தைப் பார்த்துச் சிரித்தார். அதனால்தான் சாம்பு அசடாக இருந்தும் எந்த இடத்திலும் இழிவுபடுவதில்லை. கதை வளர வளர வேம்பு அவரை மணந்துகொள்கிறாள், சுந்து என்று பிள்ளை பிறக்கிறான், வீடு நிறைகிறது. ஹோம்ஸுக்குக் கடைசிவரை கிடைக்காத குடும்பம் சாம்புவுக்குக் கிடைத்தது. இங்கே பிறந்த துப்பறிவாளருக்கு மனைவியும் மாமனார் வீடும் இல்லாமல் முடியாது.

ஒழுங்கான துப்பறிதல் தேவனுக்கு வராது என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. ஜஸ்டிஸ் ஜகந்நாதனில் ஒரு கொலை வழக்கை நீதிமன்றத்தில் வைத்துச் சாட்சிக்குச் சாட்சி, குறுக்கு விசாரணைக்குக் குறுக்கு விசாரணை நடத்திக் காட்டியவர் அவர். சி.ஐ.டி. சந்துருவில் நிஜமான புத்திசாலியை உலவ விட்டார். தாளம் பிடிபட்டவர்தான் தாளம் தப்புவதை வேடிக்கையாக்க முடியும். சாம்பு கதைகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே குற்றம், சந்தேகத்துக்குரியவர்கள், தடயம், திருப்பம் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். சாம்பு என்ற ஒரே ஆணி மட்டும் கோணல். அந்த ஒன்றைக் கோணலாக அடித்துவிட்டு மற்றதை நேராக நிறுத்துவது, வாரத்துக்கு வாரம் பத்திரிகை அச்சேறும் அவசரத்தில், சாதாரண உழைப்பல்ல. நகைச்சுவை என்ற ஒரே காரணத்தால் நம் இலக்கிய வரலாறுகள் இந்தக் கட்டுமானத்தை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு வருத்தம்தான்.

பிரெஞ்சுத் துப்பறிவாளராக வரும் இன்ஸ்பெக்டர் க்ளூஸோவை இன்று எல்லோருக்கும் தெரியும்: தடுக்கி விழுந்தே வழக்கை முடிக்கிறவர். பீட்டர் செல்லர்ஸ் அந்த வேடத்தில் முதலில் வந்த பிங்க் பாந்தர் படம் 1963. சாம்புவுக்கு அப்போது இருபத்தொரு வயது ஆகியிருந்தது. இதைப் போட்டியாகச் சொல்லவில்லை. ஒரே மூலத்தைப் பார்த்துச் சிரித்த இரண்டு நாடுகள் ஒரே மாதிரியான ஆளிடம் வந்து சேர்ந்தன, திருவிடைமருதூர்க்காரர் முந்திக்கொண்டார்.

தேவன் 1957 மே 5-இல் காலமானார். வயது நாற்பத்துமூன்று. அவர் கதைகள் பெரும்பாலும் புத்தக வடிவம் பெற்றது அதன் பிறகுதான்; அதுவரை வாசகர்கள் விகடனிலிருந்து பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்திருந்த பைண்டுகளில்தான் சாம்பு வீட்டுக்கு வீடு கைமாறிக்கொண்டிருந்தார். ஐம்பதுகளில் தஞ்சாவூர்க்காரரான கோபுலு சாம்புவைச் சித்திரக் கதையாக வரைந்தார். ராஜு முதலில் கொடுத்த முகத்தைக் கோபுலு தன் கோட்டில் வாங்கிக்கொண்ட பிறகு, மூக்கைப் பார்த்தாலே ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும். பின்னர் தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்தார். குற்றவாளி பிடிபடும் நொடியில், நடந்தது இன்னதென்று புரியாமல் கண்ணை உருட்டிக்கொண்டு கௌரவமாக நிற்பதில்தான் அந்த வேடத்தின் உயிர் இருக்கிறது. அவர் அதைப் பிடித்துவிட்டார். அதே ஐம்பதுகளில் தேவகோட்டைக்காரர் ஒருவர், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த பத்திரிகையாளர், அசட்டுத்தனத்தின் சாயலே இல்லாத, தேநீர் குடித்துக்கொண்டே யோசிக்கிற இன்னொரு துப்பறிவாளரை உலகம் சுற்ற அனுப்பிக்கொண்டிருந்தார். தமிழ்வாணனும் சங்கர்லாலும் அடுத்த அத்தியாயத்தில்.